ஊட்டிக் குளிரும் ஓஸ் பைப்பும்

நேற்றுச் சாயங்காலம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். அவரும் என்னைப் போல மரப் பாலிஷ் வேலைதான். மார்கழியில் ஊட்டியில் ஒரு பங்களாவின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறாராம். "அண்ணே, கம்ப்ரஸருக்குப் புது ஓஸ் வாங்கணும், எத்தனை பிஎஸ்ஐ வாங்கட்டும்?" என்று கேட்டார். பாலிஷ் தெளிக்கவும் ஆணி அடிக்கவும் காற்றை அமுக்கித் தருகிற மெஷின்தான் கம்ப்ரஸர்; பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தின் அளவு.

காரைக்குடியில் யார் ஓஸ் வாங்கப் போனாலும் முதல் கேள்வி இதுதான். கடைக்காரர் 300 பிஎஸ்ஐ என்று அச்சடித்த இடத்தைத் திருப்பிக் காட்டுவார், நாமும் தலையாட்டிவிட்டு வாங்கி வருவோம். என்னைக் கேட்டால் அந்த எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும். நம் கம்ப்ரஸர் 120, மிஞ்சிப்போனால் 150. உருப்படியான எந்த ஓஸும் அதைத் தாங்கும். ஓஸைத் தின்பது வெயிலும் குளிரும்தான். எந்த ஊரில், எந்தத் தரையில் வேலை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நானும் அந்த 300ஐ நம்பித்தான் ஊட்டிக்குப் போனேன். உள்ளே நூல் பின்னிய பிவிசி ஓஸ், மஞ்சள் நிறம், 30 மீட்டர். நம் ஊரில் இரண்டு வருடம் ஒரு குறையும் வைக்காமல் உழைத்தது. ராத்திரி அதைச் சுருட்டி வராந்தா ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தோம். விடிந்து பார்த்தால் புல் முழுக்க உப்பைத் தூவியது போல உறைபனி. ஓஸை எடுத்துப் பிரித்தால் பிரியவில்லை. ஆணியில் தொங்கிய வட்டம் தரையிலும் வட்டமாகவே கிடக்கிறது. பையன் ஆணி அடிக்கிற கன்னை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். கன் ஒரு பக்கம் போனால் ஓஸ் மறுபக்கம் இழுத்தது. பத்து மணிக்குள் ஓஸை இணைக்கிற கப்ளிங் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். "அண்ணே, கரியடுப்பில் லேசாகக் காட்டி இளக்கட்டுமா?" என்றான். பக்கத்தில் தின்னர் டின் மூடி இல்லாமல் இருக்கிறது! அவன் என்னிடம் வாங்கிய திட்டில் அவனுக்குக் குளிர் விட்டிருக்கும்.

பிவிசி பிறவியிலேயே விறைப்பான சரக்கு. போர்வெல்லில் இறக்குகிற பைப்பும் அதே பிவிசிதான். அதில் எண்ணெய் மாதிரியான இளக்கி ஒன்றைக் கலந்துதான் ஓஸாக வளைய வைக்கிறார்கள். குளிர் ஏற ஏற இளக்கியின் வேலை குறைந்து, ஓஸ் தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். சிலவற்றில் மைனஸ் 10 வரை என்று போட்டிருப்பார்கள். அதுவரை சொன்ன பேச்சைக் கேட்டு வளையும் என்று நினைக்காதீர்கள், அதற்கு வெகு முன்னாலேயே முரண்டு பிடிக்கும். வருடக்கணக்கில் அந்த இளக்கி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியும் போகும். அப்புறம் சித்திரையில்கூட விறைக்கும்.

நம் ஊர்த் தொல்லை வேறு மாதிரி. வளவு முற்றத்துக் கல்லில் மதிய வெயிலில் கிடந்தால் அதே ஓஸ் துவண்டு போகிறது. அந்த 300 பிஎஸ்ஐ என்பது சுமார் 20 டிகிரி இதமான சூட்டுக்குச் சொன்ன எண். 50, 60 டிகிரிக்கு ஓஸ் சுட்டால் தாங்கும் அழுத்தம் நன்றாகவே இறங்கிவிடும். கிளிப் போட்ட இடம் இளகி, ஓஸ் செருகியிருக்கிற நிப்பிள் முனையை விட்டு நழுவும். எனக்கு ஒரு தடவை நழுவியது. அது ஆடிய ஆட்டத்தில் அரை டின் பாலிஷ் கவிழ்ந்தது. யார் கண்ணிலும் படாமல் போனது எங்கள் நல்ல காலம்.

"ரப்பர் ஓஸ் வாங்குங்க, கதை முடிஞ்சது" என்று பஞ்சர் கடைக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் அளவில் சரிதான். நல்ல ரப்பர் மைனஸ் 30, 40 வரை வளைந்து கொடுக்கும், வெயிலையும் தாங்கும். கனம் கொஞ்சம் கூடுதல், விலையும் கூடுதல். ஆனால் அவர்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வேலை செய்வதில்லை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கறுப்பு ரப்பர் ஓஸை முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை இழுத்துப் போட்டு வேலை பார்த்தோம். மூன்றாம் நாள் அந்த வீட்டு ஆச்சி வந்து நின்றார். வெள்ளைப் பளிங்கில் நெளிந்து நெளிந்து கறுப்புக் கோடு. "என்னப்பா இது, வீடு பூரா அட்டை ஊர்ந்திருக்கு?" என்றார். பளிங்கில் தேய்க்கத் தேய்க்கப் போய்விட்டது. ஆத்தங்குடிக் கல்லில் லேசாகத் தங்கிவிட்டது. அது சிமெண்டில் வார்த்த கல், எதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாள் கூலி தரை துடைக்கவே போனது. ஆச்சி அதற்கப்புறம் காபி கொடுத்தார் என்றாலும் முகம் மலரவில்லை.

இந்தச் செட்டிநாட்டு வீடுகளில் நீளமும் ஒரு பிரச்சினை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். கம்ப்ரஸரை வாசலில் வைத்துவிட்டு 8 மில்லிமீட்டர் ஓஸில் நூறு அடி இழுத்தால், அந்தக் கோடியில் பாலிஷ் தெளிக்கிற கன்னை அழுத்தும்போது காற்று மூச்சு வாங்கும், பாலிஷ் துளித்துளியாகத் தெறிக்கும். உடனே கம்ப்ரஸரைக் குறை சொல்வோம். உள்விட்டம் 8 மில்லியிலிருந்து 12 மில்லியானாலே ஓஸில் தொலையும் அழுத்தம் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அதனால் நீள ஓட்டத்துக்கு அரை இஞ்ச் ஓஸ். கன்னில் மாட்டுகிற கடைசிப் பதினைந்து அடிக்கு மட்டும் பாலியூரிதேன் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய ஓஸ். கை வலிக்காது, தரையில் கோடும் போடாது, குளிரிலும் பிவிசி மாதிரி விறைக்காது.

ஹைப்ரிட் என்று பாலிமர் கலந்த ஓஸும் வருகிறது. நல்ல சரக்குதான், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் கனடாக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு மைனஸ் 40 என்று தேடித் தேடி வாங்குகிற நம் பையன்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. காரைக்குடியில் மார்கழி விடியலில்கூட 15 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம்.

தண்ணீர் விஷயத்தையும் தம்பியிடம் சொன்னேன். அமுக்கிய காற்று சூடாகும், ஆறும்போது அதிலிருந்து தண்ணீர் இறங்கும். இங்கே அது பாலிஷில் வெள்ளையாகப் பூக்கும். ஊட்டியில் ராத்திரி ஓஸின் பள்ளத்தில் தேங்கிவிட்டால் காலையில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். வேலை முடிந்ததும் டேங்க் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்து, ஓஸையும் ஊதிக் காலி செய்து, வீட்டுக்குள் படுக்கிற இடத்திலேயே போட வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம் வேறு. அங்கே காற்று கிட்டத்தட்ட கால்வாசி மெலிந்தது. டேங்க் நிறைய அதிக நேரம் எடுக்கும், மோட்டாரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

கடைசியாக நான் சொன்னது: வாசலிலிருந்து அறைக்கதவு வரை அரை இஞ்ச் ரப்பர், தரை நல்ல தரையாக இருந்தால் கீழே பழைய சாக்கு விரித்துக்கொள், உள்ளே பாலியூரிதேன். குளிரில் கிளிப் தளர்ந்து காற்று கசியலாம், தினமும் காலையில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்.

தம்பி விலையைக் கேட்டார். சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, உங்க ரப்பர் ஓஸு மார்கழியில சும்மாதானே கிடக்கும்?" என்றார். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறார்.