மூடிய டிரம் கட்டிய தெப்பம் மூழ்காதா?

வீட்டிலேயே தெப்பம் கட்டிக் கடலுக்குக் கிளம்புகிறவரைக் கரைக்காரர்கள் தடுத்தால், "பொறாமை, மூடிய டிரம் மூழ்கவே மூழ்காது, 1947-இல் கோன்-டிக்கி என்ற தெப்பம் பசிபிக்கையே கடந்ததே" என்றொரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

200 லிட்டர் டிரம் நான்கு சேர்ந்தால் ஏறத்தாழ 800 கிலோ தாங்கும். டிரம், சட்டம், பலகை, இரண்டு ஆட்கள், தண்ணீர் எல்லாம் 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சரிதான். ஆனால் ஒரு மூலை டிரம்மில் நீர் புகுந்தால் அந்த மூலை தாழும், சாமான் அங்கே சரியும், தெப்பம் கவிழும். மூழ்காமலே ஆளைக் கொல்லும்!

நீர் எப்படிப் புகுகிறது? வெயிலில் சூடான டிரம் மீது அலை அடித்ததும் உள்காற்று குளிர்ந்து சுருங்கும். மூடியின் வாஷர் லேசாகத் தேய்ந்திருந்தாலும் போதும், அந்த இடைவெளி நீரை உள்ளே உறிஞ்சும். டிரம்முக்குள் மூடிய காலி பாட்டில்களை நெருக்கி அடைத்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். நைலான் கயிறு நனைந்தால் நீளும், கட்டு தளரும். பாலியெஸ்டர் கயிறு மேல்.

கரைக்காரர்கள் முதலில் பார்ப்பது காற்றைத்தான். கரையிலிருந்து கடல் நோக்கி வீசினால், அடிக்கட்டை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை) இல்லாத தெப்பத்தைத் துடுப்பால் திருப்பிக் கொண்டுவர முடியாது. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

கோன்-டிக்கி பால்சா மரக்கட்டைகளால் ஆனது. உள்ளே நீர் நிரம்ப வெற்றிடமே இல்லை. பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து அதை இழுவைக் கப்பல்தான் வெளிக்கடலுக்குக் கொண்டுபோய் விட்டது. 101 நாள் கழித்து அது பவளத்திட்டில் மோதித்தான் நின்றது.