ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாதுங்க

"பனியன் கம்பெனி பில்லிங் சர்வருக்கு எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒண்ணு எடுத்து வெச்சாப் போதும், தனியா பேக்கப் எதுக்கு"ன்னு மேல ஒருத்தர் எழுதியிருக்காருங்க. திருப்பூர்ல இதை நம்பி யாராவது உக்காந்தா வம்புங்க.

எல்விஎம்ங்கறது லினக்ஸ்ல டிஸ்க் இடத்தை வால்யூம் வால்யூமாப் பிரிச்சுக் குடுக்கற அமைப்புங்க. ஸ்னாப்ஷாட்ங்கறது ஒரு வால்யூம் அந்த நேரத்துல இருந்த நிலையைப் பிடிச்சு வைக்கறது. ஆனா சாதாரண ஸ்னாப்ஷாட் முழு நகல் இல்லை. எடுத்ததுக்கப்புறம் மூல வால்யூம்ல எந்த பிளாக் (டேட்டாவோட சின்னத் துண்டு) மாறுதோ அதோட பழைய டேட்டாவை மட்டும் எடுத்து வைக்கும். மாறாததை மூலத்துலிருந்துதான் படிக்கும். டிஸ்க் போச்சுன்னா ரெண்டும் சேந்தே போயிரும். அதுக்கு ஒதுக்குன இடம் நிறைஞ்சுட்டா ஸ்னாப்ஷாட்டே செல்லாமப் போயிருமுங்க. மூல டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. (பல வால்யூமும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கற தின் பூல் கதை வேற. அது நிறைஞ்சா மூலத்துக்கே ஆபத்து.)

எல்விஎம் கான்ஃபிக் ஃபைல்ல ஸ்னாப்ஷாட் ஆட்டோஎக்ஸ்டெண்ட் த்ரெஷோல்ட் (எத்தனை சதவீதம் நிறைஞ்சா ஸ்னாப்ஷாட் இடம் தானா நீளணும்ங்கற அளவு) 100ன்னுதான் வரும், அப்படியே விட்டா தானா நீளாது. 70ன்னு மாத்துங்க, வால்யூம் குரூப்ல (வால்யூமுக்கெல்லாம் இடம் குடுக்கற மொத்தத் தொகுப்பு) காலி இடமும் விட்டு வைங்க.

பேக்கப் வேணும்னா ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் பண்ணி, ஆர்சிங்க்ங்கற நகலெடுக்கற கருவியில வேற கம்ப்யூட்டருக்கு அனுப்பிட்டு, வேலை முடிஞ்சதும் எல்விரிமூவ் கமாண்ட் போட்டு ஸ்னாப்ஷாட்டைத் தூக்கிருங்க. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ்னா, மூலத்துக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் யூயூஐடி (அடையாள எண்) ஒண்ணா இருக்கறதால அதே மெஷின்ல மவுண்ட் ஆகாம அடம் பிடிக்கும். மவுண்ட் பண்றப்ப நோயூயூஐடி ஆப்ஷனைச் சேத்துக் குடுங்க.