‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று எழுதினால் கொட்டாவிதான் வரும்

சொந்தமாகக் கடையோ கம்பெனியோ நடத்தும் நண்பர்கள் பலரிடம் ஒரே புலம்பல். “வாராவாரம் நெட்ல தொழிலைப் பத்தி ஏதாவது எழுதிப் போடணும்கிறாங்க. உட்கார்ந்தாலே தூக்கம் வருது.” வராமல் என்ன செய்யும்? தரமே தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே லட்சியம், நடுவில் ஆடித் தள்ளுபடி, கடைசியில் இனிய பொங்கல் வாழ்த்துகள். இதை எழுதி யாருக்குச் சந்தோஷம் வரும்?

ஆனால் அதே ஆள் கல்லாவில் உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரம் அசையாமல் கேட்கலாம். அந்தப் பேச்சை எழுதினால் போதும் என்பதுதான் என் கட்சி.

எங்களுடையது ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை. மார்கழி பிறந்தால் போன் வந்துவிடும். “ஏனுங்க, தேங்காய் எண்ணெய் கட்டியாயிருச்சுங்க, மெழுகு ஏதாச்சும் கலந்திருக்கீங்களா?” சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும், அது அதன் சுபாவம். வெயிலில் வைத்தால் இளகிவிடும். இந்த ஒரு கேள்விக்கு ஒரு பதிவு ஆயிற்று. பாட்டில் அடியில் மண்டி நிற்கிறதே, ஏன்? எள் ஆட்டும்போது கருப்பட்டி எதற்கு? வடை சுடும்போது கடலெண்ணெய் ஏன் பொங்குகிறது? கேட்பவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருக்கிறது, நமக்கும் பதில் நுனி நாக்கில் இருக்கிறது. எழுதக் கசக்குமா?

எனக்கு எழுதப் பிடித்தது விலைக் கணக்குதான். “பாக்கெட் எண்ணெய் என்ன விலை, நீங்க என்ன விலை சொல்றீங்க?” என்று கேட்காத ஆளில்லை. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும். அன்றைய பருப்பு விலையால் பெருக்குங்கள், கரண்டும் ஆள் கூலியும் சேருங்கள், பிண்ணாக்கு விற்று வரும் காசைக் கழியுங்கள். மிச்சம் என்ன என்று வாசிப்பவரே பார்த்துக்கொள்ளலாம். தொழில் ரகசியத்தைக் கொட்டிவிட்டேன் என்று சக செக்குக்காரர்கள் சிலருக்குக் கோபம். மளிகைக்கடை ரேட்டை விசாரித்தாலே தெரிந்துவிடுவதில் என்ன ரகசியம்?

பெரிய மனிதர் உதாரணம் வேண்டும் என்றால் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் இருக்கிறார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1998-ல் எளிய ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று ஒரு கையேடு போட்டது. அதன் முன்னுரையில் அவர் சொல்கிறார்: தன் கம்பெனியின் ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொள்வாராம். புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் தெரியாதவர்கள். அந்த அறிக்கைகளில் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களில் தான் சறுக்கிய இடங்களையும் மனிதர் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கம்பெனியில் பங்கு எதுவும் வைத்திராதவர்கள்கூட அவற்றைத் தேடிப் படித்தார்கள்.

1900-ல் மிச்செலின் டயர் கம்பெனி பிரான்சில் ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. டயரை எப்படி மாற்றுவது, வழியில் பெட்ரோல் எங்கே கிடைக்கும், தங்க எந்த ஓட்டல் என்று வண்டிக்காரனுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. வண்டி ஓடினால்தானே டயர் தேயும்! வியாபாரம் தெரிந்தவர்கள்.

கலகலப்பு வேண்டும் என்று வடிவேலு மீம் போடுகிறவர்களும் உண்டு. சிரிப்பெல்லாம் வடிவேலு கணக்கில் சேரும், கடைப் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இப்போது ஏஐ செயலியிடம் எழுதி வாங்கிப் போடுகிறார்கள். நகைக்கடை, பல் ஆஸ்பத்திரி, சிமெண்டு ஏஜென்சி எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. எழுத நேரமில்லை என்பது நியாயமான காரணம்தான். அப்படியானால் மாதம் ஒன்று எழுதுங்கள். வாரம் மூன்று என்று எந்த விளம்பர ஏஜென்சி சொன்னாலும் கேட்காதீர்கள், அவர்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் காசு.

போனில் வருகிற கேள்விகளை வாய்ஸ் நோட்டில் போட்டு வைத்துக்கொள்கிறேன். நேரம் கிடைக்கும்போது பேசுகிற மாதிரியே எழுதிவிடுவது. அடுத்து அந்தப் பொங்குகிற கடலெண்ணெய் விவகாரம். சுத்திகரிக்காத எண்ணெயில் தங்கிவிடும் ஈரமும் பசைப்பொருள்களும்தான் நுரைக்குக் காரணம். காய்ந்த எண்ணெயில் சின்னப் புளி உருண்டை போட்டால் அடங்கும் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழக்கம். உங்கள் ஊரில் வேறு ஏதாவது போடுவார்கள் என்றால் சொல்லுங்கள், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.