ஸ்பிளிட் தருவது எண்களின் பட்டியல் அன்று

பைத்தான் 3 நிரல்மொழியில் பயனர் ஒரே வரியில் இடைவெளி விட்டு எண்களைத் தந்தால், உள்ளீட்டை வாங்கும் இன்புட்டுடன் (input) அதைத் துண்டாக்கும் ஸ்பிளிட்டைச் (split) சேர்ப்பதே போதும், எண்களின் பட்டியல் கிடைத்துவிடும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியதைப் பலர் வழிமொழிந்துள்ளார்கள். அன்புடன் ஒரு திருத்தம்: அவ்வாறு கிடைப்பது எண்களின் பட்டியல் அன்று, சரங்களின் (string, அதாவது எழுத்துத் தொடர்களின்) பட்டியல். இன்புட் எதை வாங்கினாலும் அதைச் சரமாகவே தரும்; ஸ்பிளிட் அந்தச் சரத்தை இடைவெளி உள்ள இடங்களில் துண்டாக்குமே தவிர, துண்டுகளின் வகையை மாற்றாது. பைத்தான் 2-இல் இன்புட், தட்டச்சு செய்ததை ஒரு கோவையாக (expression) மதிப்பிட்டு, எண்ணை உள்ளிட்டால் எண்ணாகவே தந்தது. பழைய பாடங்களைப் படித்தவர்களுக்குக் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இதை எவரும் உடனே சோதிக்கலாம். 9 10 2 என்று உள்ளிட்டுப் பட்டியலை அச்சிட்டால், ஒவ்வோர் உறுப்பைச் சுற்றியும் மேற்கோள் குறி தெரியும். சம் (sum) கொண்டு கூட்டினால், வகை பொருந்தவில்லை என்னும் டைப் எரர் (TypeError) வரும். வரிசைப்படுத்தும்போதுதான் உண்மையான ஆபத்து: பிழைச் செய்தி எதுவும் வராமலே 10, 2, 9 என்று விடை வரும், ஏனெனில் சரங்கள் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடப்படுகின்றன, மிகப் பெரியதைத் தரும் மேக்ஸைக் (max) கேட்டால் 9-தான் பெரியது என்று சொல்லும். பிழையே காட்டாத இந்தத் தவறு புதியவர்களை வெகுநேரம் அலைக்கழிக்கும் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். ஸ்பிளிட் தந்த பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் மேப் (map) வழியாக, முழு எண்ணாக மாற்றும் இன்ட்டுக்கு (int) அனுப்பி, விளைவை லிஸ்ட்டுக்குள் (list) இட்டால் எண்களின் பட்டியல் கிடைக்கும். தசம எண்களுக்கு இன்ட்டுக்குப் பதில் ஃப்ளோட் (float).