பச்சையாக இருந்தால் போதுமா?

நம்ம காரைக்குடி ஊருணியைத் தூர்வாருவது பற்றிய கூட்டத்தில் நடந்தது நம்ம குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். "தண்ணி பச்சைப்பசேல்னு செழிப்பா இருக்கு, காத்துல இருக்கிற கார்பனையும் அதுவே இழுத்துக்குது, தூர்வார எதுக்குக் காசு?" என்று அண்ணன் கேட்டார், கைதட்டினீர்கள். நான் எழுந்தபோது, "பாடத்தையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்குங்க டீச்சர்" என்று உட்கார வைத்துவிட்டீர்கள். வலித்தது. அன்றைக்குச் சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

பச்சை வேறு, செழிப்பு வேறு. விளைச்சல் அமோகம்தான், நான் மறுக்கவே இல்லை. ஆனால் விளைவது என்ன? சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் கொண்டுவருகிற பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் தின்று கொழுத்த பாசி, அது மட்டும்தான். அது மேலே மூடிக்கொள்வதால் அடியில் வெளிச்சம் இல்லாமல் நீர்க்கொடிகள் சாகின்றன. ராத்திரியில் அதுவே ஆக்சிஜனை இழுக்கிறது, மக்கிய சேற்றிலிருந்து, பூமியைச் சூடாக்குகிற கார்பன் வாயுவான மீத்தேன் கிளம்புகிறது. இதுவா கார்பனுக்கு நல்லது?

எங்கள் ஆச்சி இதே ஊருணியில்தான் குடிக்கத் தண்ணீர் எடுத்தார். யாரும் கால் நனைக்க மாட்டார்கள். தண்ணீர் இவ்வளவு பச்சையாக இருந்ததே இல்லை, அடி தெரியும். அல்லி, அயிரை, கெண்டை, குரவை, நத்தை, நீர்க்கோழி என்று அத்தனையும் இருந்தன. அதைத்தான் நான் செழிப்பு என்கிறேன்.

இனி கடலைப் பற்றிச் சொன்னால், "காரைக்குடிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிப்பீர்கள். கார்பன் பேச்சை எடுத்தது நான் இல்லையே! உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்பாசிகளால் நடக்கிறது. தரைச் செடிகளோடு ஒப்பிட்டால் அவற்றின் மொத்த எடை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அவை இழுக்கிற கார்பனில் பெரும்பகுதியைச் சிறு உயிர்கள் தின்று அங்கேயே மூச்சாக விட்டுவிடுகின்றன. ஆழத்துக்கு மூழ்குவதுதான் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். 2009இல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் லோஹாஃபெக்ஸ் என்ற பயணத்தில், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் பாசியை வளர்த்துக் கார்பனை இழுக்க வைக்க முடியுமா என்று 300 சதுர கிலோமீட்டருக்கு இரும்புச் சத்தைக் கரைத்துப் பார்த்தார்கள். பாசி வந்தது. ஆனால் அங்கே சிலிக்கா குறைவு, அதனால் கனமான சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் என்ற நுண்பாசி வளரவில்லை. வளர்ந்த சின்னப் பாசியைக் குட்டி உயிர்கள் மேய்ந்துவிட்டன, ஆழத்துக்குப் போனது கொஞ்சம்தான். எவ்வளவு விளைந்தது என்பதைவிட எது விளைந்தது, அதை எது தின்றது என்பதுதான் கணக்கு. அதனால்தான் பல்லுயிர், பல்லுயிர் என்று அடித்துக்கொள்கிறேன்.

ரொம்ப தூரம் என்றால் பாம்பன் பக்கம் வாருங்கள். 2019இல் மன்னார் வளைகுடா பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கினவே, அதையும் செழிப்பு என்பீர்களா?

"வறண்டு கிடந்ததுக்கு இது பரவாயில்ல" என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தண்ணீர் நிற்பது எனக்கும் சந்தோஷம்தான். "வெளியூர்ல இருந்துட்டு வந்து அதிகாரம் பண்ணுறாங்க" என்கிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுத்தேன், அன்று கைதட்டியவர்களில் பாதிப்பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

நாளைக்கு விடிகாலை ஐந்து மணிக்கு வடக்குப் படித்துறையில் இருப்பேன். ஆக்சிஜன் ரொம்பக் குறைகிற நேரம் அது. மிச்சம் இருக்கிற கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அண்ணனும் வரட்டும், டார்ச் நான் கொண்டுவருகிறேன்.