வீல்பேஸை மட்டும் வைத்துப் பின்சீட்டை அளக்கலாமா?

மாருதி ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2450 மி.மீ., வேகன் ஆருக்கு 2435 மி.மீ.தான், ஆகவே பின்சீட் இடத்தில் ஸ்விஃப்ட்டே மேல் என்று சின்ன கார்களை ஒப்பிட்ட உங்கள் கட்டுரை முடித்துவிட்டது. இரண்டிலும் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேகன் ஆரில் கூரையும் உயரம், சீட்டும் உயரம். முதுகு நிமிர்ந்து, கால் கீழ்நோக்கி மடங்குவதால் முட்டிக்கு முன்னால் இடம் தானாகக் கிடைத்துவிடுகிறது. அந்த 15 மி.மீ. எங்கே போனதென்றே தெரியாது.

முட்டி வலி உள்ள என் அம்மா வேகன் ஆரில் முதலில் சீட்டில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைப்பார். ஸ்விஃப்ட்டில் தலையைக் குனிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்து உள்ளே உட்கார வேண்டும். எழுந்து வருவது அதைவிடச் சிரமம்.

அதற்காக வேகன் ஆர் சீட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. மெத்தை தட்டையானது, தொடைக்குத் தாங்கல் குறைவு. ஊருக்குள் சரி, சென்னையிலிருந்து திருச்சி என்றால் விழுப்புரம் தாண்டும்போதே இடுப்பு பேச ஆரம்பிக்கும். ஓட்டுபவருக்கு டாடா டியாகோ காரின் சீட்தான் நன்றாக அணைத்துப் பிடிக்கிறது. பின்னால் ஏசி காற்று வேண்டுமென்றால் ஹூண்டாய் ஐ10 நியோஸ் அல்லது புதிய ஸ்விஃப்ட். நம் ஊர் வெயிலுக்கு அது சின்ன விஷயமில்லை.

டிக்கி அளவில் சிஎன்ஜி (இயற்கை எரிவாயு) வண்டிகளைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! வேகன் ஆரின் 341 லிட்டர் பெட்ரோல் வண்டிக்குத்தான். சிஎன்ஜியில் பெரும்பகுதியை சிலிண்டரே பிடித்துக்கொள்ளும். டியாகோவில் இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் வைத்திருப்பதால் பைகளுக்காவது இடம் மிஞ்சுகிறது.