தென்கிழக்கு எல்லா முறைக்கும் செல்வ மூலை அல்ல

வீட்டின் அமைப்பையும் திசையையும் பார்க்கும் சீன மரபான ஃபெங் சுயி பற்றிய கட்டுரையில், ‘எந்த ஃபெங் சுயி முறையானாலும் தென்கிழக்குதான் செல்வ மூலை’ என்று வரும் வரியை ஏற்க முடியவில்லை. அதில் ஒரு பிரிவான பறக்கும் நட்சத்திர முறையில் கட்டடம் எந்த 20 ஆண்டுக் காலத்தைச் சேர்ந்தது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. 2024இல் 9ஆம் காலம் தொடங்கிவிட்டது. வாசலை மட்டும் வைத்து மூலை பிரிப்பது லின் யுன் என்ற ஃபெங் சுயி ஆசிரியர் அமெரிக்காவில் பரப்பிய கருப்புத் தொப்பி முறை. அதற்குத் திசைகாட்டியே வேண்டாம். சிங்கப்பூரில் என் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒருமுறை திசைகாட்டி வைத்துப் பார்க்கும் ஃபெங் சுயி ஆசிரியர் ஒருவரை அழைத்திருந்தார். அவருடைய திசைகாட்டியான லுவோபான் தட்டின் குறுக்கே இரண்டு சிவப்பு நூல். இரும்பு கேட் அருகே ஊசி விலகுகிறது என்று நாலடி தள்ளிப்போய், மூன்று இடங்களில் நின்று அளந்தார். அந்தத் தட்டின் வட்டத்தை ‘மலை’ எனப்படும் 24 திசைப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 15 பாகைதான், கொஞ்சம் பிசகினாலும் பலனே மாறிவிடும். மேலே கருத்துகளில் ஒருவர், சுற்றியுள்ள மலையும் நீரும் பார்க்கும் வடிவ மரபு அடுக்குமாடிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறார். நன்றாகவே பொருந்தும். அந்த ஆசிரியர் தட்டை வெளியே எடுப்பதற்கு முன்பே, தாழ்வாரத்தில் நின்று எதிர்க் கட்டடத்தையும் சாலை வளைவையும்தான் வெகுநேரம் பார்த்தார். நகரத்தில் கட்டடம்தான் மலை, சாலைதான் ஆறு.